ஒரு தட்டு கூடுதல்

அன்று வண்டியில் இருந்தவர்கள்: தேவராவிலிருந்து வந்த, ஓய்வு பெற்ற பாங்க் மேனேஜர் ஒருவர். அவர் மனைவி. ஆலுவாவிலிருந்து மூன்று டீச்சர்கள், ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை. வைட்டிலாவிலிருந்து புதிதாகக் கல்யாணம் ஆன ஒரு பையனும் பெண்ணும். தோப்பும்படியிலிருந்து தனியாக ஒரு ஆள், பெயர் பைலி. ஓட்டுநர் சாபு. வழிகாட்டி நான்.

பத்துப் பேர்.

யூனியன் மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். இப்போது எங்கள் கடலோரப் பயணத்தில் மதியச் சாப்பாட்டை ஓட்டலுக்கு மாற்றிவிட்டார்கள். வீட்டில் சாப்பிட்ட காலத்தைப் பற்றி எழுதுங்கள் என்றார்கள். எழுதுகிறேன்.

நான் பிறந்தது மட்டாஞ்சேரி. அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மிளகுக் கிட்டங்கியில் மூட்டை தூக்க வந்தவர். பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம், ஏழு வரை. தமிழ் எழுத்து அம்மா சொல்லிக் கொடுத்தாள். லாரியில் கிளீனராக இருந்தேன். பிறகு வேன் ஓட்டினேன். பிறகு ஹம்சா இக்காவின் டிராவல்ஸில் சேர்ந்தேன். ஓய்வு பெறும்வரை அங்கேதான்.

இக்கா என்னைச் சேர்த்ததற்குக் காரணம் ஒன்றுதான். “ரெண்டு எழுத்தும் வாசிப்பியா?” என்றார். “வாசிப்பேன்” என்றேன். “எல்லை தாண்டினா போர்டு மாறும். நீ இருந்தா வழி கேக்க வேண்டாம். நாளைக்கு வா.” அவர் பேசியது மலையாளம். நான் தமிழில் எழுதுகிறேன்.

பயணம் இதுதான். விடியுமுன் மட்டாஞ்சேரியில் புறப்பாடு. ஓட்டுநரும் நானும் போகப் பன்னிரண்டு சீட் வண்டி. தெற்கே போய்க் களியக்காவிளையில் எல்லை தாண்டுவோம். தேங்காய்ப்பட்டணம், குளச்சல், முட்டம் என்று கடலோரமாகப் போவோம். நடுவில் ஒரு மீன்பிடி ஊரில் வீட்டுச் சாப்பாடு. அன்றே திரும்பிவிடுவோம். கொச்சிக்காரர்கள் கடல் பார்க்க ஏன் அவ்வளவு தூரம் வருகிறார்கள் என்று சாபு கேட்பான். எனக்கும் தெரியாது. வந்தார்கள்.

இக்கா அதிகம் பேசமாட்டார். போனை எடுத்தால் ஹலோ கிடையாது. “எத்தற?” என்பார். வண்டியில் எத்தனை பேர் என்று அர்த்தம். எண்ணிக்கையைச் சொன்னதும் “செரி” என்று வைத்துவிடுவார். போகும்போது எல்லையில் ஒரு முறை, வரும்போது எல்லையில் ஒரு முறை. அவருக்கு ஒரு பழைய சுழல் நாற்காலி இருந்தது. எப்போதும் ஆட்டிக்கொண்டே இருப்பார். அது கிரீச்சிடுவது போனில் கேட்கும். சத்தம் நின்றால் அவர் யோசிக்கிறார்.

சேர்ந்த புதிதில் நான் ஆட்களை விரலை நீட்டி எண்ணுவேன். கன்னியாகுமரியில் அப்படி எண்ணினேன். சரியாக இருந்தது. வண்டி நாகர்கோவில் தாண்டியதும் பின் சீட்டில் ஒரு பெரியவர் விழித்துக்கொண்டு, “எம் பொண்டாட்டி எங்கே?” என்றார். வேறு வண்டியின் ஆள். தூக்கக் கலக்கத்தில் எங்கள் வண்டியில் ஏறிவிட்டார். எங்கள் ஆள் சங்குக் கடையில் விலை பேசிக்கொண்டு நின்றார்.

அன்று இக்கா திட்டவில்லை. “ஆளை எண்ணினா கணக்கு சரியாயிடும்” என்றார். “காலி சீட்டை எண்ணு. எது எங்க காலின்னு புறப்படும்போதே பாத்து வை. அப்பத்தான் யார் இல்லன்னு தெரியும்.”

அதன்பிறகு நான் ஆட்களை எண்ணியதில்லை.

சாப்பாட்டு வீடு ஜெசிந்தாவுடையது. குளச்சலுக்கு முன்னால், கடலைப் பார்த்த வீடு. கணவர் லாரன்ஸ். தோப்பும்படி ஹார்பரிலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் போட்டில் வேலை செய்தவர். அந்த ஊர்க்காரர்கள் பாதிப் பேர் எங்கள் ஹார்பரில்தான் வேலை. ஒரு மழைக்காலத்தில் அவர் போன போட் கவிழ்ந்தது. மற்றவர்களை இன்னொரு போட் ஏற்றிக்கொண்டது. லாரன்ஸ் கிடைக்கவில்லை. உடலும் ஒதுங்கவில்லை.

அதன்பிறகு அவள் சமைக்கத் தொடங்கினாள். இக்காதான் ஏற்பாடு செய்தார். எல்லையில் இக்காவிடம் சொன்ன எண்ணிக்கையை அவளுக்கும் போனில் சொல்வேன். அத்தனை தட்டு வைப்பாள். கூட ஒன்று வைப்பாள்.

முதல் தடவை நான் தப்பு என்று நினைத்தேன். “ஒண்ணு கூடிப் போச்சே” என்றேன்.

“கூடல அண்ணே. அது அவியளுக்கு.”

அடுக்களை வாசலுக்குப் பக்கத்தில், வரிசையின் கடைசியில் அந்தத் தட்டு இருக்கும். மற்றவர்களுக்கு வைப்பது போலவே சோறு, குழம்பு, மீனின் நடுத்துண்டு. எல்லோரும் சாப்பிட்டுக் கடற்கரைக்குப் போனபிறகு அந்தத் தட்டில் அவள் சாப்பிடுவாள்.

லாரன்ஸ் ஓமான் ஜெயிலில் இருப்பதாக யாரோ சொல்லியிருந்தார்கள். மாலத்தீவில் பார்த்ததாக வேறு யாரோ சொன்னார்கள். பங்குச் சாமியார் பூசை வைக்கலாம் என்று சொல்லிப் பார்த்தார். மாமியார் அழுது பார்த்தாள். ஜெசிந்தா ஒத்துக்கொள்ளவில்லை. “உயிரோட இருக்க மனுசனுக்கு யாராவது எறந்த பூசை வைப்பாவளா?” என்றாள்.

என்னிடம் ஒன்று மட்டும் கேட்டாள். “அண்ணே, கொச்சியில போட்டுக்காரங்ககிட்ட கேட்டுப் பாருங்க. கையில பச்ச குத்தியிருக்கும். எம் பேரு. அதுக்குக் கீழ நங்கூரம்.” அப்புறம் சிரித்தாள். “நங்கூரத்துக்கு ஒரு கைதான் இருக்கும். கோயில் திருநாள்ல குத்தினது. எம் பேரு முடியுற வரைக்கும் பல்லக் கடிச்சிட்டு இருந்தாவ. நங்கூரம் பாதி ஆனதும் எந்திரிச்சு ஓடியாச்சு. கடலுக்குப் பயமில்ல. ஊசிக்குப் பயம்.”

கேட்டேன். ஓய்வு நாட்களில் தோப்பும்படிக்குப் போய் ஒவ்வொரு போட்டாகக் கேட்டேன். ஜெசிந்தா என்று ஒருத்தி, கணவனைக் காணவில்லை, இன்னும் தட்டு வைக்கிறாள் என்று சொல்வேன். பச்சை குத்தியதைச் சொல்லமாட்டேன். சொன்னால் பார்த்தேன் என்று சும்மா சொல்லும் ஆட்கள் உண்டு. எல்லோரும் உதட்டைப் பிதுக்கினார்கள். சில வருஷம் அப்படிப் போனது.

அந்த நாளுக்கு வருகிறேன்.

எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு சாயாக்கடையில் நிறுத்துவோம். சாபு பெர்மிட் ரசீது வாங்கப் போவான். மேனேஜர் கழிப்பறையைப் பார்த்துவிட்டு வந்து, “இதுதான் உங்க டூரா?” என்றார். டீச்சர்களில் ஒருத்தி, “சார், பாங்கில் எங்களை நிறுத்தி வைத்ததைவிட இது பரவாயில்லை” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவர் மனைவி ரொம்பச் சிரித்தாள்.

பைலி சிரிக்கவில்லை. வழி முழுக்க அவர் பேசவும் இல்லை. ஐம்பது தாண்டிய ஆள், வெயிலில் கருத்த முகம். போட் ஓட்டும் ஸ்ராங்கு என்று கையைப் பார்த்தாலே தெரிந்தது. சாயாவை எடுத்துக்கொண்டு என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

“சேட்டா, ஹார்பரில் வந்து கேட்டது நீங்கதானே?”

“நான்தான்.”

“உங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும்ல?”

“தெரியும்.”

“எனக்குத் தெரியாது. ஆனா ஒண்ணை வரைஞ்சு காட்டுவேன். என்னன்னு நீங்க சொல்லணும்.”

சாயாவில் விரலை முக்கினார். மேசைமேல் வரைந்தார். எழுதத் தெரிந்தவன் இடது பக்கம் தொடங்குவான். அவர் நடுவிலிருந்து தொடங்கினார். ஒரு சுழி, பிறகு அதற்கு முன்னால் ஒரு கொம்பு, பிறகு பின்னால் ஒரு கால். பார்த்ததைப் பார்த்தபடி வரைகிற மாதிரி. ரொம்ப நாள் வரைந்து பழகிய கை. முடித்ததும் கீழே ஒரு நங்கூரம் போட்டார். ஒரு பக்கம் வளைத்தார். விரலை எடுத்துவிட்டார்.

“இன்னொரு பக்கம்?” என்றேன்.

“இல்ல சேட்டா. அவ்வளவுதான் இருந்தது.”

மேலே எழுதியிருந்தது ஜெசிந்தா.

நான் வாசித்தேன் என்று அவருக்குச் சொல்லவில்லை. “வண்டி பேப்பர் பாத்துட்டு வரேன், இருங்க” என்று எழுந்து போனேன். வண்டிக்குப் பின்னால் நின்று இக்காவைக் கூப்பிட்டேன்.

“எத்தற?”

“பத்து.”

“செரி.” நான் வைக்கவில்லை. நாற்காலி கிரீச்சிட்டது. “இன்னும் என்னா?”

சொன்னேன். நாற்காலி நின்றது. பஜாரில் யாரோ கைவண்டி தள்ளிக்கொண்டு வழி கேட்டுக் கத்துவது கேட்டது.

“இக்கா, அந்த ஆளுக்குத் தமிழ் தெரியாது. வேற பேருன்னு சொல்லிட்டா திரும்பிப் போயிடுவார். அவளும் இப்படியே இருப்பா.”

“நீ வாசிச்சியா?”

“வாசிச்சேன்.”

“வாசிச்சாச்சுன்னா வாசிச்சாச்சு.”

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

“கேளு” என்றார் இக்கா. “எல்லாரும் சாப்பிடட்டும். சாபுவோட அவங்களைக் கடற்கரைக்கு அனுப்பு. அந்த ஆளை வெளிய நிறுத்து. அவ சாப்பிடட்டும். முழுசாச் சாப்பிட்டு எழுந்திரிக்கட்டும். அப்புறம் சொல்லு. பட்டினியோட கேக்க வெச்சுடாதே. மனசிலாயா?”

“ஆயி” என்றேன். புரிந்தது.

வைத்துவிட்டார். முப்பது வருஷத்துக்கு மேல் அவரிடம் வேலை செய்தேன். அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றுதான்.

திரும்பி வந்து, வரைந்தது ஜெசிந்தாவின் பெயர்தான் என்பதையும் இக்கா சொன்னதையும் பைலியிடம் சொன்னேன். அவர் மேசையைக் கையால் துடைத்தார். பிறகு அவர் சொன்னது இது.

அவர்களுடைய போட் கொல்லத்துக்கு மேற்கே கிடந்தபோது உடலைப் பார்த்தார்கள். பல நாள் ஆன உடல். போட்டில் ஐந்து பேர். கரைக்குக் கொண்டு வந்தால் போலீஸ், கேஸ், போட்டைப் பிடித்து வைப்பார்கள், பிடித்த மீன் அழுகும். ஐந்து பேரும் பேசினார்கள். ஞாயிற்றுக்கிழமை கட்ட வைத்திருந்த வெள்ளை வேட்டியைப் பைலி கொடுத்தார். அதில் சுற்றினார்கள். வலையின் ஈயக் குண்டுகளைக் கட்டினார்கள். செபமாலை சொன்னார்கள். இறக்கிவிட்டார்கள். சுற்றும்முன் பைலி அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எழுத்து தெரியாததால் உருவத்தை மனசில் வைத்தார்.

“அவங்க வீட்டில் யாராவது கேட்டா சொல்லணும்ல” என்றார். “யாரும் கேக்கல. நீங்க ஹார்பருக்கு வந்து கேட்டீங்க. அன்னிக்கு நான் உதட்டைப் பிதுக்கினேன். அப்புறம் தூக்கம் இல்ல. தட்டு வைக்கிறாள்னு சொன்னீங்களே, அதான்.”

நான் கேட்டுக் கேட்டு வைத்ததுதான் அவரைக் கூட்டி வந்தது.

எல்லை தாண்டியதும் ஜெசிந்தாவுக்குப் போன் செய்தேன்.

“எத்தன பேரு அண்ணே?”

“பத்து.”

“சூர மீன் வாங்கியிருக்கேன். வெரசா வாங்க.”

தேங்காய்ப்பட்டணத்தில் எல்லோரும் இறங்கிப் படம் எடுத்தார்கள். நான் வழக்கம்போல எல்லாவற்றையும் சொன்னேன். அணைக்கட்டு எது, ஆறு எங்கே கடலில் சேர்கிறது, எல்லாம். ஏறும்போது காலி சீட்டுகளைப் பார்த்தேன். நான்கு இருக்க வேண்டும். ஐந்து இருந்தன. பைலி இல்லை. மணலில் நின்றுகொண்டிருந்தார். போய்க் கூட்டி வந்தேன். “வரல்லன்னு நெனச்சீங்களா?” என்றார். “வண்டி புறப்படுது” என்றேன்.

ஜெசிந்தாவின் வீட்டில் தட்டுகள் தயாராக இருந்தன. பதினொன்று.

மேனேஜர் நேராகக் கடைசித் தட்டுக்குப் போனார். அங்கேதான் காத்து வரும்.

“அதுல ஆளிருக்கு சேட்டா. இங்க வாங்க, உங்களுக்கு ஃபேன் போடுறேன்.”

“யார் ஆள்? காணோமே.”

“வருவாவ” என்றாள்.

பைலி எனக்கு அடுத்து உட்கார்ந்திருந்தார். கையைச் சோற்றில் வைத்தார். வாய்க்குக் கொண்டு போகவில்லை.

டீச்சர்களுக்கு அவித்த மரச்சீனி வைத்தாள். “கப்பை!” என்றாள் ஒருத்தி. “எல்லைக்கு அந்தப் பக்கம் கப்பை. இங்க மரச்சீனி” என்றாள் ஜெசிந்தா. “ருசி ஒண்ணுதான். காசுதான் வேற.” சிரித்தார்கள். கல்யாணப் பெண் இரண்டாம் தடவை குழம்பு கேட்டாள். பையன், “வீட்டில் இப்படிச் சாப்பிடமாட்டா” என்றான். “வீட்டில் நீங்கதானே சமைக்கிறீங்க” என்றாள் அவள். நல்ல கூட்டம் அன்று. நல்ல சாப்பாடு.

ஜெசிந்தா பைலியின் தட்டைப் பார்த்தாள். “இந்த அண்ணன் ஒண்ணும் தின்னல்லியே. மீனு புடிக்காதா?”

“மீன்காரன்தான்” என்றேன். “வயிறு சரியில்ல.”

“சுக்குக் காப்பி போடட்டா?”

பைலி எழுந்து வெளியே போய்விட்டார்.

சாபு மற்றவர்களைக் கடற்கரைக்குக் கூட்டிப் போனான். பைலி தென்னை மரத்தடியில் நின்றார். நான் வாசற்படியில் உட்கார்ந்தேன். வழக்கமாக நானும் கடற்கரைக்குப் போய்விடுவேன். அவள் சாப்பிடுவதை அதுவரை பார்த்ததில்லை.

தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். முதலில் முள்ளை எடுத்து ஓரத்தில் வைத்தாள், வேறொருவருக்கு எடுத்து வைப்பது போல. பிறகு பிசைந்தாள். நிதானமாகச் சாப்பிட்டாள். கடலைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள்.

“என்ன அண்ணே பாத்துட்டிருக்கிய? பசி அடங்கல்லியா?”

“அடங்கிச்சு.”

“ஒரு துண்டு இருக்கு. தரட்டா?”

“நீ சாப்பிடு.”

“நீங்க இருந்தா சாப்பிட வெக்கமா இருக்கு” என்று சிரித்தாள். நடுத்துண்டைக் கடைசியாக வைத்திருந்தாள். அதையும் சாப்பிட்டாள். தட்டை வழித்தாள். எழுந்து கழுவினாள். துடைத்தாள். அடுக்கில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள்.

நான் பைலியைக் கூப்பிட்டேன்.

பைலி உட்காரவில்லை. மலையாளத்தில் சொன்னார். அவளுக்குப் புரியும். பாதி சொல்வதற்குள் அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனியவில்லை. குனிந்தால் பைலியைத் தனியே விட்டது போல ஆகும் என்று தோன்றியது.

“காட்டுங்க” என்றாள்.

செம்புத் தண்ணீரில் விரலை நனைத்து, சிமெண்டுத் தரையில் பைலி வரைந்தார். நடுவிலிருந்து தொடங்கினார். பெயர் வந்தது. நங்கூரம் வந்தது. ஒரு கையோடு நிறுத்தினார்.

அவள் குந்தி உட்கார்ந்து பார்த்தாள்.

“சட்ட போட்டிருந்தாவளா?”

“இல்ல.”

“மொகம்?”

“முகம் பாக்கல” என்றார் பைலி.

பார்க்காமல் எப்படிச் சுற்றினார்கள் என்று அவள் கேட்கவில்லை.

“ஆழமா அங்க?”

“ஆழம்.”

“குளிருமா?”

பைலி என்னைப் பார்த்தார். பிறகு, “அடியில குளிரும்” என்றார். “வேட்டி நல்ல வேட்டி. ரெண்டு சுத்து சுத்தினோம்.”

வெயில் தரையில் அடித்துக்கொண்டிருந்தது. முதலில் நங்கூரம் காய்ந்தது. பிறகு பெயர். முழுவதும் காயும்வரை அவள் அசையவில்லை. காய்ந்ததும் அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தாள். நான் அவளுடைய மாமியாரைக் கூட்டி வரப் பக்கத்து வீட்டுக்குப் போனேன். கிழவி என் முகத்தைப் பார்த்ததுமே மாரில் அடித்துக்கொண்டு ஓடினாள்.

கடற்கரையிலிருந்து எல்லோரும் திரும்பி வந்தபோது வீட்டில் பெண்கள் கூடியிருந்தார்கள். மேனேஜர் என்ன என்று கேட்டார். “ஒரு இறப்பு” என்றேன். செருப்பைக் கழற்றிவிட்டு அவர் வாசலிலேயே நின்றார். டீச்சர்கள் உள்ளே போய் உட்கார்ந்தார்கள்.

சாயா பயணத்தில் சேர்ந்தது. அன்று வேண்டாம் என்று சாபுவிடம் சொல்லியிருந்தேன். கொஞ்ச நேரத்தில் ஜெசிந்தா எழுந்து அடுக்களைக்குப் போனாள். யாரோ பிடித்தார்கள். கையை விலக்கினாள். தட்டத்தில் கிளாஸ்களைக் கொண்டு வந்தாள். ஒவ்வொருவருக்காகக் கொடுத்தாள். கடைசியாக மரத்தடிக்குப் போய்ப் பைலியிடம் நீட்டினாள். அவர் வாங்கத் தயங்கினார்.

“குடிங்க” என்றாள். “காலையில இருந்து ஒண்ணும் தின்னல்லியே.”

குடித்தார்.

திரும்பினோம். எல்லையில் போன் வந்தது.

“எத்தற?”

“பத்து.”

நாற்காலிச் சத்தம் இல்லை. “சாப்பிட்டாளா?”

“சாப்பிட்டா இக்கா. முழுசா.”

“செரி.”

அந்த மாதமே கோயிலில் பூசை வைத்தாள். இக்கா எங்களைச் சொந்தக் காரில் கூட்டிப் போனார். கடைசி வரிசையில் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பைலி வந்தார். கூட நான்கு பேர் வந்தார்கள். ஐந்து பேரும் உட்காரவில்லை. சுவரோரம் நின்றார்கள். சாமியார் லாரன்ஸின் பெயரை வாசித்தபோது ஜெசிந்தா தலையில் முக்காட்டை இழுத்துக்கொண்டாள். வெளியே வந்ததும் என்னிடம், “ஞாயித்துக்கிழம வண்டி உண்டா அண்ணே?” என்றாள்.

“வேற எடம் பாத்துக்கிறோம். நீ கொஞ்ச நாள் இரு.”

“இருந்து என்ன செய்ய? கூட்டிட்டு வாங்க.”

ஞாயிற்றுக்கிழமை போனோம். ஆறு பயணிகள். சாபு, நான். எல்லையில் இக்காவுக்குச் சொன்னேன். அவளுக்கும் சொன்னேன். “செரி அண்ணே” என்றாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

வீட்டுக்குள் நான்தான் முதலில் போனேன். தட்டுகள் போட்டிருந்தாள். அடுக்களை வாசலிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தேன்.

எட்டு.